கிளறன்ஸ் கை தூக்கிய பைப்

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். கார்க்கார கிளறன்ஸ் என்றால் ஒருத்தன்தான். அவனுக்குக் கார் வந்தது போன வருஷம். பட்டம் வந்ததோ பத்து வயதில். அப்போது அவன் வாயாலேதான் கார் ஓட்டினான்.

சும்மா 'ர்ர்ர்' என்று ஓட்டுகிற எல்லாப் பிள்ளைகளையும் போல இல்லை. மட்டக்குளி பஸ் சந்தியில் கியர் மாறும்போது விடுகிற பெருமூச்சு, மீன் லொறி காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கிற இருமல், கோயில் சுவாமியாரின் பழைய கார் மேட்டில் ஏறும்போது போடுகிற முனகல் எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன. பள்ளிக்கூடத்தில் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்து அதிபரின் மோட்டார்சைக்கிளை எழுப்பினால், உள்ளே முழு வகுப்பும் எழும்பி நின்று "குட் மோர்னிங் சேர்" சொல்லும். அதற்கு வாங்கிய அடியின் சத்தத்தையும் பின்னேரம் செய்து காட்டினான்.

ஆட்களின் குரலையும் விட்டுவைக்கவில்லை. எப்படியடா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "காதால புடிக்கிறது பாதிதான் மச்சான். மிச்சம் வாயில இருக்கு. ஆள் வாய எந்தப் பக்கம் வளைக்குதெண்டு பாத்தியெண்டா குரல் தானா வரும்."

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. துறைமுகத்தில் கப்பல் திருத்துகிற கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, துருவை கிரைண்டரால் உரசி எடுக்கிற வேலை. இரும்புப் பெட்டிக்குள் இருந்துகொண்டு இரும்பை உரசினால் எப்படி இருக்கும்? காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அதைக் காதில் போட்டார்கள், கிளறன்ஸ் கழுத்தில் போட்டான்.

"மாட்டடா, காது போயிடும்."

"இத மாட்டினா நீங்க சொல்லுற பகிடி எனக்கெப்பிடிக் கேக்கும்? அந்தாள் சிங்களத்தில ஏசுற ஏச்ச நான் எங்க போய்ப் படிக்கிறது?"

அந்தாள் என்றால் மேற்பார்வையாளர். மத்தியானச் சாப்பாட்டில் கிளறன்ஸ் அவருடைய குரலில் அவரையே ஏசுவான். அந்த அரை மணித்தியாலத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் மூடி கழுத்திலேயே தொங்கியது.

முதலில் போனது குக்கர் விசில். பிறகு போன் மணி. பிறகு லூசியாள் கோயில் பெரிய மணியிலிருந்து கிணுங்கென்கிற மேல்சத்தம் கழன்று விழுந்து, அடியில் இருக்கிற கும்மென்கிறது மட்டும் மிஞ்சியது. அம்மா மரியகொறற்றி குசினிக்குள் இருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. "பெரிய துரை, கார் வாங்கினாப் பிறகு பெத்தவ கூப்பிடுறது காதில விழாது" என்று அவள் சட்டி கழுவிக்கொண்டு சொன்னாள். அதுவும் விழவில்லை.

ஆனால் முகத்துக்கு முன்னால் நின்று கதைத்தால் ஒருவருக்கும் பிடிபடாது. வாய் வளைகிறதைப் பார்த்துப் பழகியவனுக்கு வாயே போதுமாக இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. அங்கே போனால் கோயில் பங்குச் சனத்தில் யாராவது ஒருத்தி மருந்துத் துண்டு எழுதிக்கொண்டு இருப்பாள். அதனால் இரண்டு பஸ் மாறிக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அவன் அமத்தியது மிகவும் கொஞ்சம். டொக்டர் பெண்பிள்ளை ஒரு வரைபடத்தை அவன் பக்கம் திருப்பினாள். கோடு இடது பக்கத்தில் கொஞ்சத் தூரம் தத்தளித்து, பிறகு படுத்துவிட்டது.

"மேல்ச் சத்தம் போயிட்டுது. அடிச் சத்தம் கொஞ்சம் இருக்கு. அதுவும் இறங்கிக்கொண்டுதான் போகும்" என்று அவள் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். "மெசின் போடலாம், நிறைய உதவும் எண்டு சொல்லமாட்டன். இனிமேல் சத்தத்துக்குக் கிட்டவே போகாதீங்க."

"எவ்வளவு நாளைக்கு மிஸ்?"

அவள் தோளைத் தூக்கினாள். அதை வாசிக்கப் பயிற்சி தேவையில்லை.

கார் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துச் சிவிக். வெள்ளை, மூன்று கதவு, முன்னால் ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கல். ஒன்பது வருஷம் சீட்டுப் பிடித்து வாங்கியது, அதன் சத்தத்துக்காக. அந்த எஞ்சின் சுற்று ஐயாயிரத்தைத் தாண்டும்போது குரல் உடைகிற பையனைப்போல ஒரு சத்தம் போடும். பள்ளிக்கூடத்தில் அவன் செய்யாத ஒரே சத்தம் அது. சொந்தக் கார் வந்த பிறகுதான் செய்வேன் என்று வைத்திருந்தான். இப்போது கார் இருக்கிறது, அவனோ மீட்டர் முள்ளைப் பார்த்துக் கியர் மாற்றுகிறான். கார்க்கார கிளறன்ஸ் தன் காரின் சத்தத்தை ஒரு தரமும் முழுசாகக் கேட்கவில்லை.

அடிச் சத்தம் கொஞ்சம் இருக்கு என்றாள் அல்லவா, அந்தக் கொஞ்சத்தை அவன் பிடித்துக்கொண்டான். அது போகிறதுக்குள் காருக்கு ஒரு புகைப் பைப் போட வேண்டும். அவனுக்குக் கேட்கிற பைப்.

மிதுஷனுக்குக் காரணம் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் போன் கடை வைத்திருக்கிற மிதுஷன் கார்ப் பைத்தியம். கிளறன்ஸின் காதில் அவனுக்கு இருந்த நம்பிக்கை தன் காதிலே இருக்கவில்லை. ஒரு காலத்தில் புதுக் கார் பார்க்கப் போனால் கிளறன்ஸைத்தான் கூட்டிப்போவான்.

"நல்ல பைப்தான் வேணுமெண்டால் தெஹிவளைக்கு வா. மஹ்ரூப் நானா இருக்கிறார். ஆனால் அந்தாள் உன்னைப் பைப்பைப் பாக்க விடாது, சொல்லிப்போட்டன்."

அது உண்மை. மஹ்ரூப் நானாவின் கராஜில் சைலன்சர் தெரிவு செய்கிறதற்கு ஒரு முறை இருந்தது. காரைக் குழிக்கு மேல் ஏற்றி, பைப்புகளை ஒவ்வொன்றாக அடியில் கட்டி, எஞ்சினை முடுக்குவார். கார்க்காரன் பத்தடி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பக் கூடாது. பிடித்த சத்தம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும்.

"கண்ணால எடுத்தவன் ஒரு கெழமைல திருப்பிக் கொண்டு வருவான் மகன். வாய் பெருசா ஈக்கி, மினுங்குது எண்டு எடுப்பான், பொறகு தலவலி எண்டு வருவான். காதால எடுத்தவன் இந்தப் பக்கம் தல வெச்சும் படுக்கமாட்டான்."

கிளறன்ஸ் சுவரடிக்குப் போனான். சுவரில் போன வருஷக் கலண்டர் ஒன்று தொங்கியது.

முதலாவது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைலன்சர், உள்ளே அறை அறையாகத் தடுத்தது. மிதுஷன் தலையை ஆட்டி ரசித்தான். கிளறன்ஸின் கை அசையவில்லை. இரண்டாவது பெரிய டப்பா, நடுவில் நேர்க்குழாய், சுற்றிப் பஞ்சு. பக்கத்துக் கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான். கிளறன்ஸ் சுவரில் எங்கோ தூரத்தில் ஒரு வண்டு இரைகிறதைப்போல உணர்ந்தான். கை அசையவில்லை.

"என்னடாப்பா, உனக்கு ராகம் ஏதும் வேணுமோ?" மிதுஷன் கத்தினான். பின்னாலிருந்து கத்தியதால் கிளறன்ஸுக்கு அப்படி ஒருவன் கத்தியதே தெரியாது.

நானாவுக்கும் கொஞ்சம் எரிச்சல். டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, சைலன்சரே இல்லாத வெறும் இரண்டேகால் அங்குலப் பைப்பைக் கட்டினார். பகிடிக்குத்தான். முடுக்கினார். கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நானாவே காதைப் பொத்திக்கொண்டார்.

கிளறன்ஸ் கையைத் தூக்கினான். திரும்பியபோது அவன் கண் கலங்கி இருந்தது.

"ஒனக்குப் பைத்தியமா மகன்? இதுல சைலன்சரே இல்லயே!"

"இதுதான் நானா. இதே மாதிரிப் போடுங்க."

நானா மிதுஷனைப் பார்த்தார். மிதுஷன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "போடுங்கோ நானா" என்றான். "அவன்ர காது பிழைக்காது. எங்களுக்கு விளங்காத ஏதோ ஒண்டு அவனுக்குக் கேக்குது."

மரைன் டிரைவ் வழியாகக் கிளறன்ஸ் வீட்டுக்கு வந்தான். கடற்கரை ரயில் கூடவே ஓடியது, அதை இவன் காரின் சத்தம் விழுங்கியது. அவனுக்கு அது சத்தமாக இல்லை, அளவாக இருந்தது. ஒரு ஒழுங்கான கார் ஒழுங்காகப் போடுகிற முனகல். ஐயாயிரத்தில் அந்தக் குரல் உடைந்தது. கேட்டது! வாயைத் திறந்து அவனும் கூடவே செய்து பார்த்தான். பம்பலப்பிட்டியில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்துத் திரீவீல்காரன் காதைப் பொத்திக்கொண்டு எதையோ சொன்னான். அன்று கிளறன்ஸ் யாருடைய வாயையும் வாசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை அந்தச் சத்தத்தை நன்றாகவே வாசித்தது. ஒழுங்கைக்குள் கார் வந்ததும் நாய்கள் ஓடின. மேல் வீட்டுப் பழனியம்மா பல்கனியில் நின்று, "தம்பி, ஏரோப்பிளேனு எத்தன மணிக்கு எறங்குதுன்னு சொல்லிப்புட்டா புள்ளைய அதுக்கு முன்னாடி தூங்க வச்சிருவேன்" என்றாள். அம்மா செபமாலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து, காரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், இதென்னடா இது? செத்த வீட்டுக்கு வெடி கொளுத்துற மாதிரி!"

"நல்லாயிருக்காம்மா?"

அவள் விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர உள்ளே போனாள்.

மூன்று கிழமை. டொக்டர் கிட்டவே போகாதே என்று சொன்ன சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று கிழமை ஓடினான். முதற் கிழமை கேட்டது. இரண்டாம் கிழமை, கண்ணாடியை ஏற்றினால் கேட்கவில்லை. மூன்றாம் கிழமை ஐயாயிரத்தில் குரல் உடைகிற இடத்தைக் காணவில்லை. பைப்பில் ஓட்டை விழுந்துவிட்டதோ என்று காருக்கடியில் படுத்துத் தடவிப் பார்த்தான். பைப் புத்தம் புதிதாக இருந்தது.

அந்தக் கிழமையே பொலிஸும் பிடித்தது. ஊரெல்லாம் சத்தம் போடுகிற பைப்புகளைக் கழற்றுகிற காலம், இவன் ஆமர் வீதிச் சந்தியில் முதல் ஆளாகப் போய் நின்றான். சார்ஜன்ட் பொனற்றைத் தட்டி, இது காரா ஹெலிகொப்டரா தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். பதினாலு நாளைக்குள் ஒழுங்கான சைலன்சர் போட்டுக்கொண்டு வந்து காட்டாவிட்டால் கார் தெருவில் ஓடாது என்று எழுதிக் கொடுத்தார். வேறொரு நேரமென்றால் கிளறன்ஸ் அன்றிரவே சார்ஜன்டைச் செய்து காட்டி ஒழுங்கையைச் சிரிக்க வைத்திருப்பான். செய்யத்தான் பார்த்தான். வாய் சரியாக வளைந்தது. டிலக்ஷி, அவன் தங்கச்சி, பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன் அண்ணா இவ்வளவு கத்துறீங்க?" என்று கேட்டாள்.

பழைய சைலன்சர் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மறுபடியும் தெஹிவளை. நானாவிடம் பொலிஸ் சம்மதிக்கிற மாதிரி இரண்டு இருந்தன.

"ரெண்டுமே பூனை மாதிரித்தான் மகன் கத்தும். எண்டாலும் மொற மொறதான். போங்க, சொவத்தடிக்கி."

"எதெண்டாலும் போடுங்க நானா."

"அது சரிவராது. இந்தக் கராஜ்ல காதாலதான் எடுக்கிற."

மிதுஷன் சிரித்தான். "போடா, போய் நில். இந்த முறையாவது மனுசருக்குக் கேக்கக்கூடிய ஒண்டை எடு."

கிளறன்ஸ் சுவரடிக்குப் போனான். கலண்டர் அப்படியே இருந்தது. பின்னேர வெயில் முதுகுப் பக்கமாக விழுந்து, அவன் நிழலும் மற்ற இருவரின் நிழலும் சுவரில் நின்றன. வாய்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால். காலடியால் அதிர்வைப் பிடிக்கலாம் என்று செருப்பைக் கழற்றினான். பக்கத்துக் கடை கொம்பிரஷர் தரை முழுவதையும் அதிர வைத்துக்கொண்டிருந்தது. எது கார், எது கொம்பிரஷர் என்று பிரிக்க முடியவில்லை.

நானாவின் நிழல் குனிந்தது. நிமிர்ந்தது. காரின் கதவுப் பக்கம் போனது. மிதுஷனின் நிழல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டியது. முதல் தரம் சைலன்சர் கட்டியபோதும் அப்படித்தான் ரசித்து ஆட்டினான் என்று பிறகு அவனே சொல்லியிருந்தான். ஓடுகிறது போல. நன்றாக இருக்கிறது போல. அதிக நேரம் நின்றால் சந்தேகம் வரும், உடனே தூக்கினாலும் சந்தேகம் வரும். கிளறன்ஸ் மனசுக்குள் இருபது எண்ணினான்.

கையைத் தூக்கினான்.

ஒருவரும் வந்து தோளில் தட்டவில்லை. நிழல்கள் இரண்டும் அசையாமல் நின்றன. திரும்பினான்.

கார் குழிக்கு மேல் நின்றது. பைப் வாயிலிருந்து புகை ஒரு துளியும் இல்லை. மஹ்ரூப் நானா கதவடியில் நின்றார். கார்ச் சாவி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் போடவே இல்லை.

நானா சாவியைப் பார்த்தார், கிளறன்ஸின் தூக்கிய கையைப் பார்த்தார். அவனுக்கு விளங்குகிற மாதிரி, முகத்தை நேராக வைத்து, சொல் சொல்லாக வாயை அசைத்தார்.

"சரி மகன். இதயே போடுவம்."

மிதுஷன் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ சொன்னான். கிளறன்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.