கொட்டாஞ்சேனையில் வீடுகளை எழுதப் போனது

துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளுக்காகத் தூண்களின் மேல் ஒரு வீதி போடப்போகிறார்கள். அது கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையை ஒட்டி வரும். வேலை தொடங்குமுன், அந்த வீதியால் பாதிக்கப்படக்கூடிய பழைய கட்டிடங்கள் எவை என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். நான் கட்டிடக்கலை படித்தவள். வெள்ளவத்தையில் அம்மாவோடு ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தேன். என்னோடு வந்தவர் தொல்லியல் படித்த சிங்களவர், வயதில் மூத்தவர். சிங்களத்தில் அண்ணா என்பதுபோல் நான் அவரை அய்யே என்பேன், தங்கச்சி என்பதுபோல் அவர் என்னை நங்கி என்பார்.

முதல் நாள் காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கையில் என்ன கொண்டுபோகிறேன் என்று அம்மா கேட்டார். கமெரா, அளக்கும் நாடா, தெருவின் வரைபடம் என்றேன்.

“ரோட்டில நிண்டு ஆக்களின்ர வீட்டு இலக்கத்தை எழுதாதை,” என்றார் அம்மா. “உள்ளுக்குப் போய்க் கதைச்சிட்டு எழுது.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒழுங்கைக்குள் நாங்கள் நுழைந்ததுமே பேச்சுச் சத்தம் அடங்கியது. பலசரக்குக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு வீட்டைப் படம் எடுத்தால் அடுத்த வீட்டு யன்னல் சாத்தப்பட்டது. அய்யே சிங்களத்தில் விளக்கம் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். நாங்கள் உடைக்க வந்தவர்கள் இல்லை, பழைய வீடுகளை அடையாளம் காண வந்தவர்கள் என்றோம். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

ஒழுங்கையின் நடுவில் எதிரெதிராக இரண்டு வீடுகள் இருந்தன. இரண்டுக்கும் கூரை விளிம்பில் சரிகை போலச் செதுக்கிய பலகை, யன்னல்களுக்கு மேலே நிறக் கண்ணாடி. ஒரே கையால் கட்டியவை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் வேறெங்கோ இருந்தார். மற்றதில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். இருவரும் கல்யாணம் செய்யாதவர்கள், கத்தோலிக்கத் தமிழர். அண்ணன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். தங்கை சமையலறை வாசலைவிட்டு நகரவில்லை.

நாங்கள் நடுமுற்றத்தை அளந்து முடிக்கும்வரை தங்கை என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும் தமிழில் கதைத்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீடு கொளுத்த வந்தவர்களின் கையிலும் காகிதம் இருந்ததாம். அதில் தமிழர் வீட்டு இலக்கங்கள். இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாகத்தான் வந்தார்களாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து ஆட்கள் பின்கதவால் வந்து இவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய், தங்கள் வீட்டுக் கட்டிலின் கீழ் படுக்க வைத்தார்கள். முன்னால் போய், இங்கே ஒருவரும் இல்லை, வீடு எங்கள் முதலாளியுடையது என்று சிங்களத்தில் சொல்லி நின்றார்கள்.

அம்மா காலையில் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளவத்தையிலும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

அண்ணன் நேராகக் கேட்டார்.

“நீங்க எழுதினா உடைக்க மாட்டாங்களா?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது,” என்றேன். “யோசிக்காம உடைக்க ஏலாது. அவ்வளவுதான்.”

“எழுதாட்டி?”

“யோசிக்காமலே உடைப்பாங்கள்.”

அவர் தங்கையைப் பார்த்தார். எழுதுங்கள் என்றார் அவர்.

பின்கதவைத் திறந்து அவரே எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தோட்டம் என்றுதான் பெயர், ஒரு மரமும் இல்லை. முதுகோடு முதுகு ஒட்டிய சிறிய வீடுகள், நடுவில் ஒரு பொதுக்குழாய், சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதா சொரூபம். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகக் கூலிகளுக்காகக் கட்டியது. சாந்து உதிர்ந்த இடத்தில் அய்யே செங்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பெரிய வீட்டில் நாங்கள் பார்த்த அதே சூளையின் முத்திரை அதிலும் இருந்தது. குழாயடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், அன்று அண்ணனையும் தங்கையையும் ஒளித்து வைத்தவரின் மகள், ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வீடுகளையும் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, வரலாற்றுப் பெறுமதி உள்ளவை என்று எழுதினோம்.

எங்கள் வரைவு மக்கள் பார்வைக்காகப் பிரதேச செயலகத்தில் வைக்கப்பட்டது. சில நாள் கழித்து, கூரைப் படங்கள் போதவில்லை என்று திரும்பவும் போனோம். ஒழுங்கை முழுக்கத் தூசி. பூட்டிக் கிடந்த வீட்டின் முகப்பு காணாமல் போயிருந்தது. செதுக்கிய பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்திருந்தார்கள். நிறக் கண்ணாடி வடிகானுக்குள் நொறுங்கிக் கிடந்தது. தூண்களையும் தட்டிவிட்டு, முன்பக்கம் முழுவதும் சிமெந்துக் கல்லால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று அய்யே ஒரு மேசனிடம் கேட்டார். பழைய வீடு என்று எழுதிவிட்டால் விற்க முடியாது, ஆகவே பழையதாகத் தெரியக்கூடாது என்று வீட்டு முதலாளி சொன்னாராம். மேசன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அய்யே கமெராவைப் பையில் வைத்துவிட்டார். நாங்கள் எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பலகைகள் இன்னும் அங்கேயே இருந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். எதிர்வீட்டில் அந்த அண்ணன் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குக் காவலாக இப்போது பகல் முழுக்க இங்கேதான் இருக்கிறார் என்று தங்கை சொன்னார். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.

அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி அறிக்கையிலிருந்து தோட்டத்தை எடுத்துவிட்டார். அது சேரி, அதற்கு என்ன பெறுமதி என்றார். ஒரே காலம், ஒரே செங்கல், ஒரே துறைமுகம் என்று அய்யே வாதாடினார். நானும் வாதாடினேன். மேலதிகாரி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு தேநீர் வரவழைத்தார். அடுத்த கிழமை அய்யேயைத் தெற்கே வேறொரு வேலைக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் தன் அளக்கும் நாடாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் அந்த அண்ணன் தொலைபேசியில் எடுத்தார். புது வரைபடம் வந்துவிட்டது, எங்கள் வீடு தப்பியது என்று நன்றி சொன்னார். நடுவில் தங்கை போனை வாங்கினார்.

“எங்களை விட்டிட்டாங்க, பிள்ளை,” என்றார். “வீதியை வளைச்சுப் பின்னால கொண்டுபோறாங்க.”

நான் அன்றே போனேன். தோட்டத்தின் நடுவே, குழாயடிக்குப் பக்கத்தில், மரக்கட்டைகள் அடித்து நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் மேல் யாரோ உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். தங்களை மட்டக்குளியில் மாடி வீடுகளுக்கு அனுப்பப்போவதாகச் சிலர் சொன்னார்கள். தெமட்டகொடைக்கு என்றார்கள் வேறு சிலர். இன்னார்தான் வந்து சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கை என்னோடு பின்கதவு வரை வந்தார், தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்று என்னிடம் கேட்டார்.

அன்று வீடுகளைக் காட்டிய பெண் வாளியோடு நின்றாள்.

“எங்கட பக்கமும் எழுதினீங்க தானே, மிஸ்?”

“ஓம். எழுதினனாங்கள்.”

“அப்ப?”

எழுதியதை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். யார், ஏன் என்று அவள் கேட்கவில்லை. குழாயை மூடி, நிறைந்த வாளியைத் தூக்கினாள். பிறகு, வேலையை எப்போது தொடங்குவார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அந்த அலுவலகத்திலிருந்து நான் விலகி இப்போது பல மாதங்கள் ஆகின்றன. வேலை இன்னும் தொடங்கவில்லை. மழைக்குச் சரிந்த கட்டைகளை யாரோ வந்து நிமிர்த்தி, இன்னும் ஆழமாக அடித்துவிட்டுப் போயிருக்கிறார்களாம்.