பூ இல்லை என்று சொன்னவள்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அந்தப் படிப்பை வைத்துத்தான் தோவாளையில் பூக்கடை நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். இப்போது கடையில் போன் எடுப்பது என் மருமகள். அவள் பேசுவதைக் கேட்கவே நான் தினமும் கடைக்கு வந்து உட்காருகிறேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட ‘உப்பு நிறைஞ்சிருக்கு’ என்போம். கடையில் பூ தீர்ந்தால் ‘பாத்துக்கிடலாம்’ என்போம். எதிரே நிற்பவர் நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போவார். போனில் முகம் ஏது?

போன மழைக்காலத்தில், கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் பிச்சிப்பூ மாலை சொல்லியிருந்தார். அவர்கள் கடைப் பூசைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் எப்போதும் எங்கள் பூதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மார்க்கெட்டுக்கு வந்த பிச்சி ஒரு கூடைகூடத் தேறாது. மழையில் மொட்டெல்லாம் அழுகிவிட்டது. இந்த வீட்டை விட்டால் கடையின் பாதி பலம் போகும்.

அந்த அம்மாவைக் கூப்பிட மருமகள் போனை எடுத்தாள்.

“ஏட்டி, நாக்குல இல்லைன்னு வரப்பிடாது. பாத்துக்கிடலாம்னு சொல்லு.”

“எங்க பாக்க அத்தே? வானத்துலயா?”

சொல்லியேவிட்டாள். “அக்கா, நாளைக்கு மாலைக்குப் பிச்சி இல்லை. மழையில போச்சு.”

நான் சாமி படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாவின் சத்தம் எனக்கே கேட்டது. “விடிஞ்சா கல்யாணம், இப்பம் சொல்லுகியா? நீ பூக்கடை வச்சிருக்கியா, புல்லுக்கடை வச்சிருக்கியா?”

மருமகள் குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்கும்வரை ஏச விட்டாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

“நீங்க ஏசுகது சரிதான்க்கா. பொண்ணு தலைக்குப் பிச்சி உண்டு, அது எம்பொறுப்பு. மாலைக்குத்தான் வழி பாக்கணும். சேலை என்ன நெறம்?”

“அரக்கு.”

“அப்பம் மாணிக்கமாலை கட்டுகேன். வெள்ளை அரளி, செவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. ஒரு சாண் கட்டிப் போட்டோ அனுப்புகேன், பொண்ணு பாக்கட்டும். பிடிக்கலைன்னா மதியத்துக்குள்ள சொல்லுங்க. வேற ஊர்ல பிச்சி கெடைக்குமான்னு நானே கேட்டுத் தாரேன்.”

பேசியதை எல்லாம் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். மாலை எத்தனை, மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுப்பது. அந்தப் பக்கம் ‘ஆமா, ஆமா’ என்று குரல் தணிந்துகொண்டே வந்தது. ஏசிய வாய் அது. என் காலத்தில் நான் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

போட்டோவைப் பார்த்த பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டினோம். மாலை மண்டபத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்து அதே அம்மா கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

“மருமவள்ட்ட குடுங்க. நீங்க பாத்துக்கிடலாம்னுவிய.”

கொடுத்தேன். அவர் கேட்டது தாமரை. அன்று கடையில் தாமரை இல்லை. மருமகள் அதையும் சொன்னாள், எப்போது வரும் என்பதையும் சொன்னாள். அந்த அம்மா காத்திருந்து எங்களிடமே வாங்கினார்.