நாலு மை டப்பா தூசியும் ஒரு நீல ரப்பரும்

தூசியிலிருந்து பொன்னைப் பிரிக்க வீட்டிலேயே ஒரு மேஜை செய்துவிடலாம் என்று நான் இறங்கியபோது, மரவேலைதான் கஷ்டம் என்று நினைத்தேன். அது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. நாலு கால், ஒரு பலகை, தலைமாட்டில் துளை போட்ட ஒரு குழாய், அதற்குத் தண்ணீர் விட ஒரு பெயிண்ட் வாளி. பலகையின் மேல் என்ன விரிப்பது என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

தூசி என் மனைவியுடையது. திருத்தங்கலில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சிவகாசி நகைப்பட்டறை ஒன்றுக்குப் பன்னிரண்டு வருஷம் மூக்குத்தி ராவிக் கொடுத்தாள். அச்சிலிருந்து வரும் மூக்குத்தியைச் சின்ன அரத்தால் தேய்த்து மெருகேற்றுவது அவள் வேலை. மடியில் விரித்த துணியில் விழும் பொடி, மூக்குத்தியோடு சேர்ந்து பட்டறைக்குத் திரும்பிவிடும். துணியைத் தாண்டிப் பறந்து தரையில் படிந்தது அவளுக்கு. அந்தத் தொழிலில் அப்படித்தான் வழக்கம். அதனால் எங்கள் வீட்டுக் குப்பை தெருவுக்குப் போனதே இல்லை. தினமும் வேலை முடிந்ததும் மூலையிலிருந்து மூலைக்குப் பெருக்கி, நான் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த காலி மை டப்பாக்களில் போட்டு மூடுவாள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு டப்பா. அந்த டப்பாக்களின் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சீயக்காய் போட்டு மூன்று முறை கழுவினாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை என்பது பின்னால் தெரியவரும்.

ஊர்ப்பட்ட மூக்குத்தியை ராவிய அவள் மூக்கில் இருந்தது கவரிங். வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லாமல் இல்லை. அவளுக்குப் பிடிவாதம்.

“நாலு டப்பாவும் நெறையட்டும். ரெண்டு பேருமா உக்காந்து அலசுவோம். அதுலயே எனக்கு ஒண்ணு தேறும்” என்பாள்.

நான் ஆப்செட் மிஷின்காரன். சீசன் முடியட்டும் என்பேன். எங்கள் பக்கத்தில் சீசன் என்றைக்கு முடிந்தது? தீபாவளி வரைக்கும் வெடிப்பெட்டி லேபிள், அது ஓய்வதற்கு முன்பே காலண்டர், அப்புறம் டைரி, கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை. டப்பாக்கள் நிறைந்து பரணுக்குப் போனதுதான் மிச்சம்.

மகள் ஓசூரில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாகத்தான் இருந்தோம். அவள் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மனைவி அங்கே போனாள். மூன்று மாதம் என்று போனது பதினாலு மாதம் ஆகிவிட்டது. மகளும் மருமகனும் கம்பெனிக்குப் போய்விட்டால் பேத்தியை யார் பார்ப்பது? நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துவிட்டால் மனசு அவளைத் தேடாமல் இருந்துவிடுமா? எனக்குத் தேடியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது தேடியது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும் என்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது கோபமாக வரும். யார் மேல் கோபம் என்றும் தெரியாது.

கிளம்பும் அன்றைக்குப் பரணைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். “நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீக.”

வைத்தேன். என் கணக்கு இதுதான். தூசியை அலசிப் பொன்னை எடுத்துவிட வேண்டியது. பத்தரிடம் கொடுத்து, மூக்குத்தி செய்ய ஆள் நேரில் வந்தால்தான் ஆகும் என்று அவரையே சொல்லவைக்க வேண்டியது. திருகு எத்தனை நீளம், துளை எத்தனை அகலம் என்று ஏதாவது. அப்போது அவள் வந்துதானே தீரவேண்டும்? ஐம்பத்தைந்து வயது ஆள் போடுகிற திட்டமா இது என்றால், ஆமாம், அதேதான்.

மேஜையைப் பற்றி எனக்குச் செல்போனில்தான் தெரியவந்தது. ஒரு வெள்ளைக்காரர் ஆற்று மணலில் மாவு போன்ற பொன்னை ஒதுக்கிக்கொண்டிருந்தார். லேசாகச் சாய்ந்த பலகை. அதன் மேல் காகிதக் கனத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. மண் உருண்டு போய்விடுகிறது, பொன் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பரப்பு ரொம்ப வழவழப்பாக இருந்தால் பொன்னும் சேர்ந்து ஓடிவிடும். ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் மண்ணும் தங்கிவிடும். நிறமும் இருட்டாக இருந்தால்தான் மஞ்சள் கண்ணுக்குப் படும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

முதலில் பழைய பீரோவிலிருந்து கழற்றிய சன்மைக்காவை ஒட்டினேன். ஆற்று மணலும், பொன்னுக்குப் பதிலாக அரைத்த ஈயப்பொடியும் கலந்து ஊற்றிப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து சிலேட் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கறுப்பு அடித்த தகரத்தைக் கொடுத்து சிலேட் என்றார்கள். கல் சிலேட் இல்லையா என்றதற்குக் கடைக்காரப் பெண், “யாருக்குண்ணே, பேரனுக்கா?” என்றாள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் போர்டுக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டை ஒட்டுப்பலகையில் அடித்தேன். பிரஷ் போன தடம் ஒவ்வொன்றிலும் மணல் வரிசையாகக் குந்திக்கொண்டது, மூன்றாம் நாள் பலகையும் ஊதிவிட்டது. கடப்பைக் கல்லில் ஒரு துண்டு கிடைத்தது. பாலிஷ் போட்ட பக்கம் சன்மைக்காவுக்கு அண்ணன், போடாத பக்கம் ஒரே பள்ளம். லாரி டியூபை வெட்டி விரித்தால், பிறந்ததிலிருந்து வளைந்தே கிடந்தது நிமிரமாட்டேன் என்றது. அச்சுக்குப் போடும் அலுமினியத் தகட்டின் சொரசொரப்பு கச்சிதம். ஆனால் வெளுத்த நிறத்தில் எதுவும் தெரியவில்லை.

ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். டப்பாவைத் தொடவில்லை, சும்மா பார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பேத்தி மத்தியானம் தூங்கும் நேரத்தில் போன் பண்ணுவாள்.

“ஏங்க, வீட்டுல ஒரு கதவையாவது மிச்சம் வைங்க.”

“கதவுல வழுக்கும்.”

“தண்ணி வருதா? வர்ற தண்ணியப் பூரா இதுலயே விட்டுட்டு, குளிக்காமக் கெடக்காதீக.”

அந்த இரண்டு மாதம் எங்களுக்குப் பேச ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், பாப்பா தூங்குதா, தூங்குது என்பதோடு முடிந்துவிடும். நிஜத்தைச் சொன்னால், பரப்பு சீக்கிரம் கிடைத்துவிடக் கூடாது என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன்.

கடைசியில் அது என் மிஷினிலேயே இருந்தது. ஆப்செட்டில் தகட்டிலிருந்து மையை வாங்கிக் காகிதத்துக்குக் கொடுப்பது ஒரு ரப்பர் விரிப்பு, பிளாங்கெட் என்போம். முப்பது வருஷமாக என் உள்ளங்கைக்குத் தெரிந்த பரப்பு. பார்க்க வழவழப்பு, தடவினால் வெல்வெட் போல ஒரு மெல்லிய பிடிப்பு. ஓரம் வெட்டுப்பட்டதால் கழித்துப்போட்ட ஒன்று, நல்ல கருநீலம், மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டுக் கொண்டுவந்து பலகையில் இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் காலண்டர் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகிச் சாய்வை வைத்தேன். மணலும் ஈயமும் பிரிந்து நின்றன. அத்தனை அழகு. அதை மட்டும் அவளுக்குப் போட்டோ அனுப்பவில்லை. பொன்னோடு அனுப்பலாம் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் பரணிலிருந்து நீல டப்பாவை இறக்கினேன். அதுதான் முதலில் நிறைந்தது. மூடி திருகிக்கொண்டு வரவில்லை, கத்தியால் நெம்பினேன். உள்ளே இருந்ததைப் பழைய லேபிள் தாளில் கொட்டியதும் என் கை நின்றுவிட்டது. பொன்னா தெரிந்தது? முடி. அவளுடைய முடி, சுருள் சுருளாக. சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று. மகள் பள்ளிக்கூடம் போன காலத்துப் பென்சில் சீவல். ஸ்டிக்கர் பொட்டு, ஒட்டும் பசை போய்த் தூசி அப்பி. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்த வருஷங்களை அவள் பெருக்கி எடுத்து மூடி வைத்திருந்தாள். அப்போதெல்லாம் நான் இரண்டு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முடி இத்தனை கறுப்பாக இருந்தது என்றே எனக்கு ஞாபகம் இல்லை. உட்கார்ந்து அழுதேன், கொஞ்ச நேரம்தான்.

முடியில் ஒட்டிய பொன் எரித்தால்தான் வரும். எரிக்க மனசில்லை, ஆனாலும் இரும்புச்சட்டியில் போட்டு எரித்தேன். சாம்பலை மாவுச் சல்லடையில் சலித்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி, அரத்தின் இரும்புப் பொடியை இழுத்து எடுத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். அதன் பிறகு மேஜைக்கு முன்னால் நின்றதும், வேலையை ஆரம்பிப்பதற்கு முன் என் கை முப்பது வருஷமாக எதைச் செய்யுமோ அதைச் செய்தது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிளாங்கெட்டை மேலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். மிஷின்காரன் எவனும் துடைக்காமல் ஓட்டமாட்டான். செய்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைத் திறந்து தூசியைத் தூவினேன். மஞ்சள் தெரிந்தது. ரப்பரின் மேல் நிற்கவில்லை, தண்ணீரின் மேல் மிதந்தது. மெல்லிய ஆடையாகச் சேர்ந்து, வெயிலில் மின்னிக்கொண்டு, நேராக இறங்கிக் கீழே வைத்திருந்த தொட்டிக்குப் போனது. தொட்டி எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மிதப்பதுதானே முதலில் வழியும்? நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் தூவினால் நின்றுவிடும் என்று தூவிக்கொண்டே இருந்தேன். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியபோது டப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை. எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, தண்ணீர் பட்ட இடத்தில் மை ஒட்டாது. ஆப்செட் என்கிற தொழிலே அதுதான், அதை வைத்துத்தான் முப்பது வருஷமாகச் சோறு தின்கிறேன். மாவு போன்ற பொன்னுக்கு எண்ணெய் பட்டால் தண்ணீர் பிடிக்குமா? அவளுடைய மூன்று வருஷம் சாக்கடையில் போய்விட்டது.

ரப்பரைப் பாத்திரம் விளக்கும் சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி மட்டும் எடுத்து, எரித்துச் சலித்து, மேஜையில் விட்டுப் பார்த்தேன். நீலத்தின் மேல் ஊசியால் கோடு இழுத்தது போல மஞ்சள் நின்றது. போனதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. மீதியை மூடிப் பரணில் ஏற்றினேன்.

ஒரு வாரம் அவள் போனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. சீசன், காலண்டர் லோடு நிற்கிறது என்று வெட்டிவிட்டேன். மறு ஞாயிறு மத்தியானம் வீடியோவில் வந்தாள்.

“என்ன செஞ்சு வச்சிருக்கீக? சொல்லுங்க.”

சொன்னேன். டப்பாவைத் திறந்தது, துடைத்தது, மிதந்தது, வழிந்தது, பத்தரிடம் சொல்லவைக்க நினைத்தது வரைக்கும் எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மூக்குல அளவெடுக்கணும்னு என்னய வரவைக்கப் பாத்தீகளாக்கும்?”

“ஆமா.”

“தங்கம் போனாப் போயிட்டுப் போகுது. பதினாலு மாசமா தெனமும் பேசுதீக. தண்ணி வந்துச்சு, கரண்டு போச்சு, சன்மைக்கா வழுக்குதுங்கீக. வான்னு ஒரு வார்த்த சொன்னீகளா?”

“பாப்பாவ விட்டுட்டு நீ எப்படி வருவ? அதான் கேக்கல.”

“வர முடியுதோ முடியலையோ, அது என் பாடு. கூப்பிடுறதுக்கு என்ன? எனக்கு மட்டும் இங்கன தேடாதா? அந்த மனுசன் ஒண்டியாப் பழகிட்டாரு போல, நம்ம வேண்டியதில்ல போலன்னு நான் எம்புட்டு நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?”

எனக்கு அது தெரியாது. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அவளை எங்கேயும் கூப்பிட வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் இருப்பாள். எனக்குச் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை அது. அவள் போனைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

“வா புள்ள” என்றேன். “ரொம்பத் தேடுது. வந்துரு.”

அந்தப் பக்கம் பேத்தி முழித்துச் சிணுங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பித் தொட்டிலை ஒரு கையால் ஆட்டினாள். முகம் எனக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிந்தது.

“இப்ப வர முடியாது. பாப்பாவப் பாத்துக்க ஆளு கெடைக்கணும், அதுக்கு இன்னும் எம்புட்டு நாளாகுமோ” என்றாள். அப்புறம் திரும்பி, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன்.