சாப்பிட, தங்க, முங்க

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். கோட்டைப்பட்டினத்தில் பவுசியாவுக்கு நடந்தது. போன டிசம்பரில், பதினோரு நாள். தேதியும் நேரமும் அவள் சொன்னபடியே இருக்கின்றன. தீவின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

பவுசியாவின் கணவன் பாசித் கரீபியன் கடலில் ஒரு தீவில் வேலை பார்த்தான். சுற்றுலா வருகிறவர்களுக்கு முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி, கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டும் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். சேர்ந்து இருந்தது நாற்பத்திரண்டு நாள். வெள்ளிக்கிழமை மட்டும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். பாஸ்போர்ட்டை எடுத்து வை, கூட்டிக்கொள்கிறேன் என்பான். வீட்டில் அவளும் மாமியார் சாரா உம்மாளும் மட்டும். "ஒன்னையக் கட்டுன நேரம், எம்புள்ள இங்கிட்டு வர்றதே இல்ல" என்று மாமியார் சொல்லாத நாள் கிடையாது.

டிசம்பர் ஆறாம் தேதி, சாயங்காலம் சரியாக ஐந்தரை. அங்கே காலை எட்டு மணி. பவுசியாவின் போன் அடித்தது. வாட்ஸ்அப் இல்லை, சாதாரண அழைப்பு. திரையில் 'மச்சான்' என்று பெயர் வந்தது.

"பவுசி, லீவு கெடச்சிருச்சு. நீ கெளம்பி வா. எங்க சாப்புடுறது, எங்க தங்குறது, எங்க முங்குறதுன்னு இப்பவே முடிவு பண்ணிருவோம்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நோட்டை எடுத்துச் சாப்பிட, தங்க, முங்க என்று மூன்று தலைப்புப் போட்டாள். அதற்குப் பிறகு தினமும் ஐந்தரைக்குப் போன் வந்தது. நண்டு வறுக்கும் கடை, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, ஆமைகள் கூட்டமாக வரும் துறை... அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். நாலு நாள் அவள் தரையில் நடக்கவில்லை.

டிசம்பர் பத்து. சாப்பாட்டுப் பேச்சு.

"வேற கடைக்குப் போவோம் பவுசி. ஆனா அங்க எதுவும் சூடா இருக்காது."

"ஆறிப்போனதையா மச்சான் குடுப்பாங்க?"

"பழகிரும்."

டிசம்பர் பன்னிரண்டு. மரவீடு வேண்டாம், வேறு இடம் பார்த்துவிட்டேன் என்றான்.

"ஜன்னல் கெடையாது. வெளக்கும் கெடையாது."

"பின்ன எதுக்கு அதப் புடிச்சீங்க?"

"ரெண்டு பேரு படுக்கலாம். நெருக்கிப் படுத்தா."

அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். வெறுங்குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் வருமே, அது. குளுக்... குளுக்... அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

அவளாகத் திருப்பிக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஐந்தாம் தேதியிலிருந்து ஒற்றை டிக்கோடு நின்றது. மாமியாரிடம் சொன்னாள்.

"பெத்தவளுக்கு ஒரு போனு இல்ல. பொண்டாட்டிக்கு மட்டும் தெனம் வருதா?" என்று சாரா உம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பர் பதினான்கு.

"எனக்கு நீச்சலே தெரியாது மச்சான். அந்தச் சிலிண்டர நெனச்சாலே பயமா இருக்கு."

"சிலிண்டர் எதுக்கு? வேணாம்."

"வேணாமா?"

"மூச்ச அடக்கப் பழகிக்க. நான் எண்ணுறேன்."

பாத்ரூமில் சிமெண்ட் தொட்டி இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் திட்டில் வைத்தாள். குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள். அவன் எண்ணினான். அன்றைக்குப் பதினெட்டு. மறுநாள் முப்பத்தொன்று. "பத்தாது" என்றான். கோபமாக இல்லை. கொஞ்சலாகச் சொன்னான்.

டிசம்பர் பதினாறு. ஐந்து ஐம்பத்தாறு. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. எப்போதும் பாங்கு கேட்டால் அவன் பேச்சை நிறுத்துவான். அன்று நிறுத்தவில்லை.

"ம், முங்கு."

முங்கினாள்.

ஒண்ணு... ரெண்டு...

பாங்குச் சத்தம் மங்கிப்போனது. அவன் குரல் மட்டும் மங்கவில்லை.

திட்டிலிருந்து வரவில்லை அது. காதோரமாக வந்தது. தண்ணீருக்குள்ளேயே...

முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

நெஞ்சு எரிந்தது. தலையைத் தூக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

பிடரியில் ஒரு கை. ஐந்து விரல். ஊறிப்போன விரல்.

"இன்னும் கொஞ்சம் பவுசி."

நாற்பத்தேழு...

டம்! டம்! டம்!

கதவு. மாமியாரின் அலறல். கை விலகியது.

அவள் இருமிக்கொண்டே கதவைத் திறந்தாள். வெளியே சாரா உம்மாள் தரையில் சரிந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய போன். அதில் பாசித்தோடு வேலை பார்க்கும் ரத்தினவேலின் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

"...அஞ்சாந்தேதி முங்குனவன் மேல வரலம்மா. நேத்துதான் பாறை இடுக்குல பாடி கெடச்சுது. அதுவரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க..."

பவுசியா தன் போனை எடுத்துப் பார்த்தாள். பதினோரு நாளில் மச்சானிடமிருந்து ஒரு அழைப்புகூட வந்ததாகப் பதிவு இல்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, பாசித்தின் துணிமணிப் பெட்டியோடு ரத்தினவேல் வந்தான். கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால், பவுசியா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசியதெல்லாம் கேட்டது.

"சிலிண்டர்ல பாதிக் காத்து அப்படியே இருந்துச்சும்மா. வாயில இருந்த மூச்சுக் குழாய அவனே கழட்டியிருக்கான்."

"அவனேவா? எதுக்குய்யா?"

ரத்தினவேல் குரலைத் தாழ்த்தினான்.

"போறதுக்கு முந்தி ஒரு வாரமா ரூம்ல வாளித் தண்ணியில மூஞ்சிய விட்டுக்கிட்டே கெடந்தான். என்னடான்னு கேட்டேன். 'பவுசிதான் பழகச் சொல்றா. தெனம் காலையில எட்டு மணிக்குப் போன் பண்ணி அவதான் எண்ணுறா'ன்னான்."

அந்த ஒரு வாரத்தில் பவுசியா அவனுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

திரை விலகியது. சாரா உம்மாள் நின்றிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எம்புள்ளைக்கு எத்தன வரைக்கும் எண்ணுன?"