நாகம்மா ஊற்ற மறுத்த வாழைத்தண்டுச் சாறு

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தின் மேற்கு கேட்டுக்குப் பக்கத்தில் நாகம்மா காலை ஐந்தரைக்கு மேஜை போட்டுவிடுவாள். மேஜை மேல் குழாய் வைத்த ஐந்து எவர்சில்வர் டிரம். அருகம்புல், பாகற்காய், நெல்லிக்காய், வாழைத்தண்டு, கடைசியில் சூடாக முடக்கத்தான் சூப். வயது ஐம்பத்து நாலு. முட்டி தேய்ந்துவிட்டது. வாழைத்தண்டை நறுக்கி நறுக்கி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், எந்த சோப்புக்கும் அது போவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று நின்றுகொண்டே இருப்பாள்.

நான் பேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ஏழு வருடமாக அவளிடம் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன். குடித்த கையோடு எதிர்க்கடையில் இரண்டு வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. சுகர் இறங்கவே இல்லை. அதற்கு நாகம்மாவைத்தான் குறை சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல். ஆனால் அங்கே வருகிற எல்லோரும் என் ஜாதிதான். காலையில் ஒரு டம்ளர் கசப்பை விழுங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க எதையும் தின்னலாம் என்று எங்களுக்கு ஒரு கணக்கு.

அந்த மேஜையில் யாருக்கும் பேர் கிடையாது. நோய்தான் பேர். நான் 'சுகர் சார்'. 'முட்டிவலி அக்கா' உண்டு, 'கல்லு தம்பி' உண்டு. புதிதாக யார் வந்தாலும் நாகம்மாவின் முதல் கேள்வி, "இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?" பதிலைப் பொறுத்து டிரம். அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் விட்ட ஒரே ஆள் கிறிஸ்துராஜ் சார்.

அவர் பேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர். நாகர்கோவில் பக்கம். நாகம்மாவின் புருஷன் வேம்புலி அவர் செக்‌ஷனில்தான் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். வேம்புலி செத்தபோது சாவுக்கு வந்து கடைசிவரை நின்ற ஒரே ஆபீசர் அவர். அப்படிப்பட்டவரிடம் போய் உனக்கு என்ன வியாதி என்று எப்படிக் கேட்பது? ஒருநாள் அவராகவே வந்தார், வாழைத்தண்டு டிரம்மைக் கையால் காட்டினார். பெரிய டம்ளராகப் பார்த்து மோர் விட்டு, மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் அதே டம்ளர்.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டினார். சாக்ஸ் இறங்கியது. கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த இடம் விரல் புதைகிற ஆழத்துக்குப் பள்ளமாக இருந்தது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாகம்மா கையில் பிடித்த டம்ளரோடு அப்படியே நின்றாள். நான் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

டிரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். வேம்புலிக்கும் கால் இப்படித்தான் வீங்கியதாம். கிட்னி சுருங்கிக்கொண்டு வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கிட்னிக்கு வாழைத்தண்டு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இவள் தினம் காலையும் சாயந்திரமும் அரைத்து ஊற்றியிருக்கிறாள். நாற்பது நாள். கடைசியில் மூச்சு வாங்கித் தூக்கிக்கொண்டு ஓடியபோது நர்ஸம்மா கேட்டாளாம், என்னம்மா கொடுத்தாய் என்று.

"தண்டு, கல்லு இருக்கறவங்களுக்கும்மா, கிட்னி வேல செய்யறவங்களுக்கு. இவுருக்கு கிட்னியே ஓடல. அதுல இருக்கற உப்பு ஒடம்ப விட்டு வெளிய போவாம நெஞ்சப் புடிச்சி நிறுத்திடும்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்கோ. மறுநா பூட்டாரு. வியாதில போனாரா, என் கையால போனாரா, யாரும் சொல்லல. நானும் கேக்கல." டிரம்மைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குத் தெரிஞ்ச வேல இந்த தண்டு அரைக்கறது ஒண்ணுதான். அதையே வச்சி பொழச்சிகினு கீறேன். இத்தினி நாளு கிறிஸ்துராஜ் சாருக்கும் ஊத்திகினு கீறேனே சார்."

மறுநாள் அவர் வந்தபோது சுற்றி எட்டு பேர் இருந்தோம். நாகம்மா குழாயைத் திறக்கவில்லை. "சார், உங்களுக்கு இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஊத்து."

"காலு வீங்கிக் கீதே சார்."

"வயசானா வீங்கும். நீ ஊத்தும்மா."

"தண்டு தீந்துபோச்சு சார்."

டிரம் நிரம்பி விளிம்பில் நுரை நின்றது. அதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். அவர் முகம் சிவந்துபோய், திரும்பி நடந்துவிட்டார். மறுநாளிலிருந்து கிழக்கு கேட்டில் சாறு விற்கிற மினி வேனில் குடிக்க ஆரம்பித்தார். நாகம்மா அந்த முட்டியோடு மைதானத்தைச் சுற்றிப்போய், அவருக்கு ஊற்றாதே என்று வேன்காரனிடம் சொன்னாள். வேணாம்னு அவர்தானே சொல்லணும், நீ யார் சொல்ல என்று அவன் கேட்டுவிட்டான். திரும்பி வந்து முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விட்ரு நாகம்மா, படிச்ச மனுசன், அவருக்குத் தெரியாதா?" என்றேன். எனக்கு என் நடை, என் வடை. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்குக் கூசிப்போய்விட்டது.

"அவுரு ஊடு கோவில்பதாகைல எங்கனு தெரியுமா சார்? இட்டுகினு போ," என்றாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி ஞானசௌந்தரி டீச்சர். இவள்தான் நாகம்மா என்று நான் சொன்னதும் அந்தம்மா கண் கலங்கிவிட்டது. "நீங்கதானா அது? டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. மெஷின்ல கெடந்தா பொறவு எழும்பவே முடியாதுன்னு இவருக்குப் பயம். எவனோ போன்ல வாழைத்தண்டு வீடியோ அனுப்பிட்டான். நாகம்மா சாறு இருக்கும்போது எனக்கு எதுக்கு ஊசின்னு சொல்லுதாரு. நீங்க சொன்னாலாவது கேப்பாரு."

உள்ளேயிருந்து கிறிஸ்துராஜ் சார் வந்தார். எங்களைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. "வீடு வரைக்கும் வந்துட்டியா? ஊருக்கே ஊத்துத, எனக்கு மட்டும் அது வெசமா? அப்ப இத்தன வருசம் எல்லாரையும் ஏமாத்துதியா?"

நாகம்மா தோளில் மாட்டியிருந்த வயர் கூடையில் துழாவி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள். பாதி காலி.

"சுகர் மாத்திரை சார். நாலு வருசமா எனக்கும் சுகரு. பெரியாஸ்பத்திரில குடுக்கறத ஒருநாளு உடாம போடறேன். பாவக்கா டிரம்மு என் கைக்குக் கீழதான் கீது. இத உட்டுட்டு அத நம்பி நானு ஒருநாளும் குட்சதில்ல."

ஏழு வருடம். மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிட்டு இவளுடைய டிரம்மை நம்பியிருந்தேன். அங்கேயே கத்தியிருப்பேன், ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கு மாத்திரையும் உண்டு, தண்டும் உண்டுன்னு நாப்பது நாளு நாந்தான் சார் ஊத்தினேன். நல்லா ஆயிடும்னுதான் ஊத்தினேன். நீங்க சாவுக்கு வந்து நின்னீங்க. உங்களுக்கும் அதே கையால ஊத்திட்டேன். கேக்காத உட்டது என் தப்பு. பெரியவருன்னு கேக்கல."

கிறிஸ்துராஜ் சார் சோபாவில் உட்கார்ந்தார். "வேம்புலி அப்பிடியா போனான்?" என்று மட்டும் கேட்டார். ஞானசௌந்தரி டீச்சர் பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார்.

இரண்டு நாளில் அவரைச் சேர்த்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார் என்று டாக்டர் திட்டினாராம். நாகம்மாவின் மாத்திரைக் கதையை மைதானம் முழுக்கப் பரப்பியது வேறு யார், நான்தான். கோபத்தில் சொன்னேன், பிறகு சொல்கிற சுகத்தில் சொன்னேன். பாதிக் கூட்டம் கிழக்கு கேட்டுக்குப் போய்விட்டது. டிரம் ஐந்து இருந்தது மூன்றானது. நாகம்மா என்னைத் திட்டினால் மனசு ஆறியிருக்கும். "நெசத்ததான சொன்ன, உடு சார்," என்று சொல்லிவிட்டாள். அதைக்கூடக் களைத்துப்போய்த்தான் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கிறிஸ்துராஜ் சார் வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். இடது முழங்கையில் பிளாஸ்திரி. ஷூ இல்லை, செருப்பு. கால் வீக்கம் வற்றியிருந்தது. நாகம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல சார்," என்றாள்.

"தெரியும்மா. எனக்கு இப்ப தண்ணியே அளந்துதான். சும்மா இருக்கேன்."

மெஷின் இல்லாத நாளில் எல்லாம் வர ஆரம்பித்தார். சும்மாவும் இருப்பதில்லை. யாராவது கிட்னி என்று வாயைத் திறந்தால் போதும், "கல்லா, வேறயா? ரிப்போர்ட் பாத்தியா? காலக் காட்டு," என்று பிடித்துக்கொள்வார். ஃபோர்மேன் குரல் மட்டும் இளைக்கவில்லை. போன வாரம் அப்படித்தான் ஏர்போர்ஸ் கேம்ப்பிலிருந்து வந்த ஒருத்தரைச் சாறு வாங்க விடாமல் நேராக டாக்டரிடம் துரத்தினார். எனக்கும் இப்போது, "மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாகம்மா டம்ளரைக் கொடுக்கிறாள்.

அந்த ஏர்போர்ஸ் ஆள் போன பிறகு நாகம்மா கிறிஸ்துராஜ் சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு என்னிய யாராவது இப்பிடி அதட்டியிருந்தா, எங்க ஊட்டுக்காரரும் இந்த மாதிரி எங்கியாவது ஒக்காந்துகினு இருப்பாரு சார்."