ஐந்து பூஜ்யங்கள்

இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். மென்பொருள் சோதனை என் வேலை. அந்தப் பழக்கத்தில், தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கணினியில் பட்டியல் போட்டு வந்தேன். தொடர்ந்து ஐந்து நாள் பூஜ்யம் வந்தால் ஓடலாம் என்று நானே ஒரு விதியும் வைத்தேன். மருத்துவர் சொன்னதோ மூன்று மாதம். ஆனால் ஜன்னல் வழியே யாராவது ஓடுவதைப் பார்த்தாலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஐந்தாவது பூஜ்யம் வந்ததுமே பிரேசர் டவுன் தெருவில் இறங்கி மெல்ல ஓடினேன். மூன்றாவது மின்கம்பத்தருகே இடுப்பில் சுரீரென்று இழுத்தது. காலை ஊன்ற முடியவில்லை.

"பஸ் போனா போவுது, ஆட்டோ இருக்குல்லம்மா!" என்று, நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதாக நினைத்த ஒரு ஆட்டோக்காரர்தான் கைத்தாங்கலாக ஏற்றி மருத்துவமனையில் விட்டார்.

உள்ளே போட்ட தையல் பிரிந்திருந்தால் இனி ஓட்டமே இல்லை. ஸ்கேன் முடிவு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வெறும் தசைப்பிடிப்பு.

பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா அக்கா என் பட்டியலைப் பார்த்தார்.

"வலி மாத்திரை எத்தனை மணிக்குப் போடற?"

"ஏழு மணிக்கு."

"மார்க்?"

"எட்டு மணிக்கு."

"சரியாப் போச்சு! மாத்திரைக்கு மார்க் போட்டிருக்க. இடுப்புக்கு எங்கம்மா போட்ட?"

இப்போது எழுந்ததும், மாத்திரைக்கு முன்பே வலியைக் குறிக்கிறேன். எப்போது ஓடலாம் என்பதை அக்காவிடம் விட்டுவிட்டேன். இன்று காலை மூன்று என்று குறித்தேன். நடந்துவிட்டு மட்டும் வந்தேன்.