குங்குமம் வைத்த லைசென்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வரிசை வீட்டில் குடியிருந்தோம். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள், பொய் இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

எனக்கு ஊர் மார்டள்ளி. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஹனூர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். இருவருக்கும் ஊதுபத்தி உருட்டுகிற வேலை. கடைக்காரர் குச்சியும் மாவும் கொடுப்பார். வீட்டில் உட்கார்ந்து பலகையில் வைத்து உருட்டி, காயவைத்து, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் மைசூருக்கு வந்த புதிதில் உருட்டினால் குச்சி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம் போகும். கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து நான் செய்தது எதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

அவளுடைய தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன் மொபெட்டை அவளிடம் விட்டுவிட்டுப் போனான். வேறு யாராக இருந்தாலும் புருஷனிடம் கொடுத்திருப்பார்கள். இவள் புருஷனுக்கோ வண்டி என்றாலே பயம். ஆக, இவள் ஓட்டினாள், அவர் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சந்தே வேடிக்கை பார்த்தது. நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மைதானத்துக்குக் கூட்டிப்போய் எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். மார்டள்ளியில் அண்ணன் சைக்கிளை ஓட்டிய கால் இது, சீக்கிரம் வந்துவிட்டது. "அக்கா, நீயும் லைசென்ஸ் எடுத்துப்போடு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்றாள். ஆனால் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸில் தெருப் போர்டு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்களாம், பாரத்தில் எழுத வேண்டுமாம். நான் படித்தது ரெண்டாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். "எனக்கெதுக்குடி அம்மிணி, என்னைச் சுமக்க வண்டிக்குத்தான் லைசென்ஸ் வேணும்" என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

அவள் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்களாம், ஒரே தடவையில் போட்டாளாம். எட்டுத்தானே? தினம் வாசல் கோலத்தில் நான் போடாத எட்டா? எனக்கு யாராவது லைசென்ஸ் கொடுத்தார்களா? சின்ன புத்தகம் மாதிரி இருந்தது. அதில் அவள் போட்டோ, மேலே சர்க்கார் சீல். "போட்டோவுல திருடி மாதிரி இருக்கே" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பொறாமைக்காரிக்கு இதைவிடக் கொடுமை உண்டா? திட்டினால்கூட எதிராளிக்கு வலிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். காலியாக இருந்தன. வண்டியில் தப்பு செய்து கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தப்பை அதில் எழுதுவார்களாம். "என்னுது எப்பவும் வெள்ளையாத்தான் இருக்கும் பாருக்கா" என்றாள். வெள்ளையாக இருந்தது எனக்கும் தெரிந்தது. கண்ணைக் குத்தியது.

அந்த வருஷம் தசராவுக்கு முன்னால் ஊதுபத்திக் கடைக்காரர் ஒரு செய்தி சொன்னார். வீடு வீடாகப் போய் மாவும் குச்சியும் கொடுத்து, கட்டுகளை வாங்கி வர ஒரு பெண் வேண்டும். மாதச் சம்பளம். உட்கார்ந்து முதுகு ஒடிய உருட்ட வேண்டாம். ஆனால் வண்டி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். பண்டிகை முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது அவளை. அவரிடம் பதினோரு வருஷமாக உருட்டிய என்னை இல்லை.

ஆயுத பூஜை வந்தது. நான் ஊதுபத்திப் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவள் மொபெட்டுக்கு மாலை போட்டு, ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அதோடு விட்டாளா? லைசென்ஸையும் தட்டில் வைத்துப் பூஜை செய்தாள். எல்லாவற்றுக்கும் வைக்கிற மாதிரி அதற்கும் குங்குமம் வைத்தாள். திறந்த பக்கத்தில், தன் போட்டோ மேலேயே. ஈரக் குங்குமம் நெற்றியிலிருந்து கன்னம் வரை இழுத்துவிட்டது. பார்த்தால் முகமே தெரியவில்லை. பிறகு அதை வண்டியின் பக்கத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. ஜம்பூ சவாரி, அதுதான் தசரா யானை ஊர்வலம், பார்க்க நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று அவள் குடும்பத்தோடு விடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டாள். வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே ஆணியில் வண்டிச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

விஜயதசமி நல்ல நாள் என்று கடைக்காரர் அன்றைக்குக் கடையைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். எனக்கு ஒரே எண்ணம்தான். நான் வண்டியில் போய் அவர் முன்னால் இறங்க வேண்டும். 'இவளுக்கும் ஓட்ட வருமா!' என்று அவர் வாயைப் பிளக்க வேண்டும். லைசென்ஸ் கேட்டால் பெட்டியில்தான் இருக்கிறதே! வண்டியோடு இருக்கிற காகிதம்தானே, ஓட்டுகிறவருக்குத்தானே அது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவள் மாதிரி எனக்கு நானே நடித்தேன்.

கட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, வாழைக்கன்று ரெண்டு பக்கமும் ஆட, மாலையோடு கிளம்பினேன். நகரத்தில் அன்றைக்கு ரெண்டு ஊர்வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை இல்லாதது என்னுடையது. அதுவும் ஒருவிதத்தில் சொல்ல முடியாது, அப்போது நான் நல்ல பருமன்.

தினம் தலையில் கட்டுகளோடு நடந்து போகிற தெருதான். தசராக் கூட்டத்துக்காக அந்த வாரம் மட்டும் அதை ஒருவழியாக்கியிருந்தார்கள். போர்டு வைத்திருந்தார்களாம். நடக்கிறவளுக்கு ஏது ஒருவழி? எதிரில் வந்தவர்கள் எல்லாம் கத்த, பண்டிகை நாள், என்னைப் பார்த்துக் குஷியில் கத்துகிறார்கள் என்று நான் சிரித்துக்கொண்டே போனேன். முனையில் போலீஸ்காரர் கை நீட்டினார்.

"ஏனம்மா, ஒன் வே காணல்வா? லைசென்ஸ் தெகி." ஒருவழிப் போர்டு கண்ணுக்குத் தெரியவில்லையா, லைசென்ஸை எடு என்கிறார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். குங்குமத்தைத் துடைக்க விரலைக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். விஜயதசமி அன்றைக்கு ஒரு சுமங்கலியின் நெற்றிக் குங்குமத்தை, போட்டோவாகவே இருந்தாலும், அழிக்க யாருக்கு மனசு வரும்? அதில் இருந்த பெயரைப் படித்து, "நீனேனா?" என்றார், நீதானா என்று.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்தத் தேதிக்குக் கோர்ட்டுக்கு வந்து அபராதம் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார். கடைக்குப் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். நிறுத்தி, மாலையைச் சரிசெய்து, சாவியை ஆணியில் மாட்டினேன். சீட்டைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தேன்.

பயந்தேன்தான். ஆனால் அன்று சாயங்காலம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. சீட்டில் இருப்பது அவள் பெயர். யாரும் போகாவிட்டால் கோர்ட் தேடப் போவது அவளை. அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதப் போவது அவளுடைய தப்பாக. லைசென்ஸ் இல்லாமல் கடைக்காரர் வேலை கொடுக்கமாட்டார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். உள்ளுக்குள் இனித்தது. மறைக்கவில்லை, இனிக்கத்தான் செய்தது.

ரெண்டு நாள் கழித்து அவள் தேட ஆரம்பித்தாள். பெட்டி, பூஜைத் தட்டு, பீரோ, படுக்கை. நானும் கூடத் தேடினேன்! கட்டிலுக்கு அடியில் குனிந்து, "இங்க இல்லையே அம்மிணி" என்றேன். அவள் புருஷனின் சட்டைப் பையையெல்லாம் உதறினேன். உன் வீட்டிலும் பார்க்கட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அது தோன்றவில்லை. மூன்றாம் நாள் கண் வீங்கி வந்தாள்.

"அக்கா, கடைக்காரர் திங்கக்கிழமை லைசென்ஸ் கொண்டா, வேலையைத் தர்றேன்னுட்டார். ஸ்டேஷன்ல தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்தா வேற குடுப்பாங்களாம். எனக்குப் பயமா இருக்குது. நீ சாட்சிக்கு வாக்கா. நீதானே எங்கூட எல்லா இடமும் தேடுனே."

போனேன். பாதி வழியில் ஒரு பூக்கடை ஓரத்தில் கால் நின்றுவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் பொய்ச் சாட்சி சொல்லப் பயந்ததாலா, இல்லை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இடுப்பிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். முந்தின நாளே டப்பாவிலிருந்து எடுத்து முடிந்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்தது உட்பட.

கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். சீட்டிலிருந்து ஒட்டியிருந்த பருப்பை உதறினாள். "நாளன்னைக்கு தேதி" என்றாள். வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். அந்த முதுகு எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரெண்டு பேரும் எழுந்தோம். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், ஓட்டியது நான்தான் சாமி, எனக்கு லைசென்ஸ் கிடையாது, இவளுடையதைக் காட்டினேன் என்றேன். அந்தப் போலீஸ்காரரும் இருந்தார். அவர் முகம் போட்டோவில் இருந்த குங்குமத்தைவிடச் சிவந்துவிட்டது.

வண்டியைக் கேட்டு எடுத்தாயா, கேட்காமலா என்று ஜட்ஜ் கேட்டார். கேட்காமல் எடுத்திருந்தால் அது வேறு கேஸ், உள்ளே போக வேண்டியிருக்கும் என்று பக்கத்தில் இருந்த வக்கீல் முணுமுணுத்தார். "கேக்காமத்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் சொன்னாள், "நான்தான் குடுத்தேன் சாமி. வண்டியும் நான்தான் குடுத்தேன். லைசென்ஸும் நான்தான் குடுத்தேன்."

நான் அவள் சேலையை இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஜட்ஜ் அவளைத்தான் அதிகம் திட்டினார். லைசென்ஸ் இல்லாதவளிடம் வண்டியைக் கொடுத்தது ஒரு தப்பு, உன் லைசென்ஸை இன்னொருத்திக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றார். மூன்று மாதம் அவள் வண்டி ஓட்டக்கூடாது. அதை அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதச் சொன்னார். எனக்கு அபராதம் போட்டு, கோர்ட் கலைகிற வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். அவள் போகலாம். போகவில்லை. சாயங்காலம் வரை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நீ உள்ள போயிட்டா உங்க வீட்டுக்காரருக்கு யாரு சோறாக்கறது? நானா? அந்த மனுஷன் உப்பு கம்மி, காரம் ஜாஸ்திங்கறதே என்னால கேக்க முடியாது."

சிரிப்பு வந்துவிட்டது. கோர்ட் சேவகர் அதட்டினார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

கடைக்காரர் மூன்று மாதம் காத்திருக்கவில்லை. நானே போய் நடந்ததைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் வாயைப் பிளந்தார், அதுமட்டும் நான் நினைத்தபடி நடந்தது. வேலையை வேறு தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை அவள் பலகையை எடுத்துக்கொண்டு வழக்கம் போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாவைப் பிசைந்தாள், குச்சியை எடுத்தாள், உருட்ட ஆரம்பித்தாள். இதைத்தானே நான் கேட்டேன்? அவள் என்னைத் தாண்டிப் போகக்கூடாது, என் பக்கத்திலேயே உட்கார்ந்து உருட்ட வேண்டும் என்று. அப்படியே கிடைத்தது. அன்றைக்கு நான் உருட்டிய ஒரு குச்சிகூட நேராக வரவில்லை. அவள் எடுத்துப் பார்த்து, "இங்க குடு" என்று ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்தாள்.

அந்தப் பேச்சை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. சண்டையில்கூட இல்லை. எடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி நிம்மதியாகியிருப்பேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. வண்டியின் மேல், போட்டோவின் மேல் இருந்தது எப்போதோ கரைந்துவிட்டது. ஆனால் ஜட்ஜ் முன்னால் நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையை என்னால் அவளுக்காகச் சொல்லியிருக்க முடியுமா என்று நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.